கர்ப்பகால நீரிழிவு: எல்லைக் கிராமங்களில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டதே தவிர, மக்களின் உறவுமுறை எல்லை மாறவில்லை. பாறசாலையில் வாழும் பெண்ணுக்குத் தாய்வீடு குழித்துறையில் இருக்கலாம். மார்த்தாண்டத்து மருமகள் நெய்யாற்றின்கரையில் பிறந்தவளாக இருக்கலாம். கொள்வினையும் கொடுப்பினையும் இன்றும் எல்லையைக் கடந்தே நடைபெறுகின்றன.

இச்செய்தி கர்ப்பிணிகளின் உடல்நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு நீரிழிவு தோன்றுகிறது. வெளிப்படையான அறிகுறி பெரும்பாலும் இராது. இரத்தத்தைச் சோதித்தாலன்றி அதனைக் கண்டறிய இயலாது. அச்சோதனைக்கு உரிய காலமும், கர்ப்பிணி தாய்வீட்டுக்குப் புறப்படும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே எல்லைக் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும், ஆசிரியர்களும் இந்நோயின் தன்மையையும் அதற்குரிய காரணங்களையும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் சோறு, கிழங்கு, பழம் முதலியவற்றிலுள்ள மாவுச்சத்து செரிமானத்தின்போது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரை தசைகளுக்குள் புகுந்து எரிபொருளாகப் பயன்படுவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் துணை செய்கிறது. இன்சுலின் போதாமற் போனாலும், அதன் ஆற்றல் தடைப்பட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி விடுகிறது. இதுவே நீரிழிவு.

கர்ப்ப காலத்தில் இயற்கை ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்கிறது. கருப்பையில் வளரும் சிசுவுக்கு உணவு தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதற்காக நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலினின் ஆற்றலை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. அதனால் உணவுக்குப் பின் தாயின் இரத்தத்தில் சர்க்கரை சற்று நேரம் அதிகமாக நின்று, சிசுவுக்குப் போய்ச் சேருகிறது. ஐந்தாம் மாதத்திற்குப் பின் இந்த ஹார்மோன்களின் அளவு வேகமாக உயருகிறது. அதற்கு ஈடுகொடுக்கத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேலாகவும் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் இச்சுமையைத் தாங்கிக்கொள்கிறது. தாங்க இயலாதவர்களிடம் கர்ப்பகால நீரிழிவு தோன்றுகிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலினுக்கு நேர்ந்த தடையும் பெரும்பாலும் நீங்கி விடுகிறது.

இந்நோயைப் பற்றிய முதற் குறிப்புகளுள் ஒன்று 1824-ஆம் ஆண்டு பெர்லினில் பென்னவிட்ஸ் என்பவர் எழுதிய மருத்துவ ஆய்வுரையிலே காணப்படுகிறது. ஐந்தாவது முறையாகக் கருவுற்றிருந்த ஓர் இளம்பெண் தணியாத தாகத்தால் வருந்தினாள். அவளுடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. குழந்தை 12 பவுண்டு எடையுடன் பிரசவத்திலேயே இறந்தது. தாயின் தாகமோ பிரசவத்துக்குப் பின் நீங்கிற்று. அக்காலத்தில் இதற்குக் காரணமும் தெரியாது, மருந்தும் கிடையாது. 1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, நீரிழிவுடைய பெண்கள் கருவுற்று நலமாகப் பெற்றெடுப்பது எங்கும் இயலக்கூடியதாயிற்று.

சிசுவுக்கு நேரும் தீங்கு

குழந்தை அத்தனை பெரிதாக வளர்ந்தது ஏன் என்பதற்கு 1950-களில் டென்மார்க்கைச் சேர்ந்த பேடர்சன் என்னும் அறிஞர் விளக்கம் தந்தார். தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து செல்லும். தாயின் இன்சுலின் கடப்பதில்லை. ஆகையால் தாய்க்குச் சர்க்கரை மிகுந்தால் சிசுவுக்கும் மிகுகிறது. அதனைச் சமாளிக்கச் சிசுவின் சிறு கணையமே மிகுதியான இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளாதலால், சிசுவின் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேருகிறது. தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இவ்வாறுதான் ஏற்படுகிறது.

பிறந்த பின்னரும் ஆபத்து தீர்வதில்லை. தொப்புள்கொடியை அறுத்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்று விடுகிறது. குழந்தையின் உடலிலோ இன்சுலின் மிகுதியாகவே இருக்கிறது. எனவே சில மணி நேரத்துக்குள் குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். இத்தகைய குழந்தைக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும், அதன் இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பதும் இதனால்தான் வற்புறுத்தப்படுகின்றன. சேனையும் சர்க்கரைத் தண்ணீரும் முதலில் தொட்டு வைத்து, தாய்ப்பாலைத் தள்ளிப்போடும் பழக்கம் எங்கேனும் இருப்பின் அது கைவிடப்பட வேண்டும்.

தாய்க்கும் இரத்த அழுத்தம் உயருதல், பனிக்குட நீர் மிகுதல், அறுவை மூலம் பிரசவிக்க நேருதல் முதலிய இடர்கள் கூடுகின்றன. கருவுறுவதற்கு முன்பே நீரிழிவு இருந்து, அது அறியப்படாமல் இருக்குமாயின் தீங்கு இன்னும் பெரிது. சிசுவின் இருதயமும் தண்டுவடமும் உருவாவது முதல் இரண்டு மாதங்களுக்குள்ளாகும். அக்காலத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் உறுப்புக் குறைபாடுகள் ஏற்படக்கூடும்.

எந்த அளவுக்கு மேல் தீங்கு தொடங்குகிறது என்பதை அறிய 9 நாடுகளில் 15 மையங்களைச் சேர்ந்த 23,316 பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டு வெளியாயின. தீங்கு தொடங்கும் திட்டமான எல்லைக்கோடு ஒன்றும் இல்லை என்றும், தாயின் சர்க்கரை உயர உயரக் குழந்தையின் எடையும் இடரும் படிப்படியாக உயருகின்றன என்றும் அதனால் தெரியவந்தது. சிகிச்சையால் பயன் உண்டா என்ற கேள்விக்கு 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று விடையளித்தது. 1,000 கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உணவுமுறையும், இரத்தச் சர்க்கரைக் கண்காணிப்பும், தேவைப்பட்டோருக்கு இன்சுலினும் அளித்தனர். குழந்தைகளுக்கு நேர்ந்த கடுமையான இடர்கள் மற்றப் பிரிவில் 4 சதவிகிதமாக இருக்க, சிகிச்சை பெற்ற பிரிவில் 1 சதவிகிதமே காணப்பட்டன.

தென்னாட்டு நிலை

2003-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவின் சில நகரங்களில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், கர்ப்பிணிகளுள் இந்நோய் உடையோர் திருவனந்தபுரத்தில் 15 சதவிகிதம், ஆலுவாவில் 21 சதவிகிதம், சென்னையில் 16.2 சதவிகிதம், ஈரோட்டில் 18.8 சதவிகிதம் எனக் காணப்பட்டது. இது நகரத்து நோய் என்று கருதியவர்களுக்குப் பின்னர் வெளியான மற்றோர் ஆய்வு விடையளித்தது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. சேஷையாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து, 2008-ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டனர். நகரப் பகுதியில் 17.8 சதவிகிதத்தினருக்கும், சிறு நகரப் பகுதியில் 13.8 சதவிகிதத்தினருக்கும், கிராமப் பகுதியில் 9.9 சதவிகிதத்தினருக்கும் நோய் இருந்தது. அதாவது கிராமத்திலும் பத்துக் கர்ப்பிணிகளுள் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

பொதுமக்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளது என்பதும் இங்கே கருதத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, வயது வந்தோரில் நீரிழிவு உடையோர் இந்தியாவில் 11.4 சதவிகிதம், தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம், கேரளத்தில் 25.5 சதவிகிதம். கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே கேரளத்தைவிடச் சற்று உயர்ந்த எண்ணைக் காட்டின.

நெய்யாற்றின்கரை வட்டமே இத்துறையில் ஓர் ஆராய்ச்சிக் களமாக இருந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் பிற நாட்டு அறிஞர்களுடன் கூடி, கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெயரால் ஒரு சோதனையை இவ்வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் நடத்தினர். 30 முதல் 60 வயது வரையிலான, நீரிழிவு இல்லாத, ஆனால் அது வரக்கூடிய வாய்ப்பு மிகுந்த 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பாதிப் பகுதிகளில் அயலவர் ஒருவரே வழிகாட்டியாக நின்று குழுக்கூட்டங்களை நடத்தி, உணவு, உடலுழைப்பு, புகையிலை, மது ஆகியவை பற்றி எடுத்துரைத்தார். மற்றப் பகுதியினருக்குக் கையேடு மட்டும் தரப்பட்டது. 2018-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் முதற் பிரிவினருள் 14.9 சதவிகிதத்தினருக்கும், இரண்டாம் பிரிவினருள் 17.1 சதவிகிதத்தினருக்கும் நீரிழிவு ஏற்பட்டிருந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் முறைப்படி உறுதியாகக் கொள்ளத்தக்க அளவினதன்று. எனினும் காய்கறி, பழம் உண்ணும் பழக்கம் கூடியதும், மது அருந்துதல் குறைந்ததும் காணப்பட்டன.

இந்த எண்கள் ஊழியர்களுக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றன. வாய்ப்பு மிகுந்தோரிடம் நீரிழிவு எத்தனை விரைவில் தோன்றுகிறது என்பது ஒன்று. முப்பது வயதுக்குமேல் தொடங்கும் தடுப்பு முயற்சி சற்றுக் காலந்தாழ்ந்ததாகவே இருக்கக்கூடும் என்பது மற்றொன்று. கர்ப்பகாலச் சோதனையோ இருபது, இருபத்தைந்து வயதிலேயே வருங்கால நீரிழிவை முன்னறிவித்து விடுகிறது. அவ்வகையில் கர்ப்பம் என்பது உடலின் சர்க்கரை தாங்கும் வலிமையை இயற்கையே சோதித்துக் காட்டும் காலமாகும்.

நோய்க்குரிய காரணிகள்

பின்வருவோரிடம் கர்ப்பகால நீரிழிவு மிகுதியாகக் காணப்படுகிறது: பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு நீரிழிவு உள்ளவர், கருவுறும் முன்னரே உடற்பருமன் உடையவர், வயது முதிர்ந்து கருவுற்றவர், முந்திய கர்ப்பத்தில் இந்நோய் இருந்தவர், முன்பு மிகுந்த எடையுள்ள குழந்தையைப் பெற்றவர், காரணம் அறியப்படாமல் குழந்தை இறந்து பிறந்த துயரத்தை அடைந்தவர், சினைப்பையில் நீர்க்கட்டிகளும் மாதவிலக்குக் கோளாறும் உடையவர், உடலுழைப்புக் குறைந்தவர்.

பருமன் என்பதை இந்நாட்டில் சற்று வேறாகக் கணக்கிட வேண்டும். மேலைநாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, இன்சுலினின் ஆற்றல் தடைப்படுகிறது. பூனாவில் டாக்டர் யாஞ்ஞிக் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியில், இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடையில் சிறியனவாயினும் தசை குறைந்து, ஒப்புநோக்கில் கொழுப்பு மிகுந்தனவாக இருத்தல் அறியப்பட்டது. ஆகவே மெலிந்த தோற்றமுடையவள் என்பதால் ஒரு கர்ப்பிணியைச் சோதனையினின்று விலக்குதல் தவறு.

மேற்கூறிய காரணிகளுள் ஒன்றேனும் இல்லாத பெண்களிடமும் இந்நோய் காணப்படுகிறது. காரணி உள்ளவரை மட்டும் தேர்ந்து சோதித்தால் பலர் விடுபட்டுப் போவர். இதனாலேயே எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் வழிகாட்டு முறையாக வகுக்கப்பட்டுள்ளது.

சோதனை செய்யும் முறை

மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம் 2014-ஆம் ஆண்டு வெளியிட்டு, 2018-இல் திருத்திய வழிகாட்டு முறை மிகவும் எளியது. கர்ப்பிணி வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை. உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கச் செய்ய வேண்டும். குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் இரத்தச் சர்க்கரையை அளக்க வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் அது கர்ப்பகால நீரிழிவாகும். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் சோதனையை மறுநாள் மீண்டும் செய்தல் வேண்டும். அதற்குப் பின் வாந்தியெடுத்தால் சோதனையைத் தொடரலாம்.

வெறும் வயிற்றில் மூன்று முறை இரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையோடு ஒப்பிட்டால், இம்முறையில் சிலர் விடுபடக்கூடும் என்று கூறும் நிபுணர்களும் உண்டு. எனினும் பேருந்தில் நெடுந்தூரம் வந்து, காலை உணவின்றிக் காத்திருக்க இயலாத கிராமத்துப் பெண்ணுக்கு இதுவே நடைமுறைக்கு உகந்ததாகும்.

சோதனை இருமுறை செய்யப்பட வேண்டும். கர்ப்பிணி முதன்முதலாகப் பதிவு செய்துகொள்ளும்போதே ஒருமுறை. 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் மற்றொரு முறை. முதற் சோதனை, கருவுறும் முன்பே இருந்த நீரிழிவை வெளிப்படுத்தும். இரண்டாம் சோதனை, நஞ்சுக்கொடி ஹார்மோன்களின் சுமை மிகுந்த நிலையில் தோன்றும் நோயை வெளிப்படுத்தும். முதற் சோதனையில் குறையில்லை என்பதால் இரண்டாவதை விட்டுவிடலாகாது. 28 வாரம் கழிந்து முதன்முறையாக வருபவருக்கும் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும்.

ஏழாம் மாதமும் எல்லையும்

நான்கு வாரம் ஒரு மாதம் என்ற வழக்கப்படி கணக்கிட்டால், 24 முதல் 28 வாரம் என்பது ஏழாம் மாதமாகும். இவ்வட்டாரத்தில் முதற் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் ஏழாம் மாதத்திலேதான்.

பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்தில் மணம்புரிந்து வாழும் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் அவள் பெயர் கேரளத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. முதற் சோதனையில் குறையொன்றும் இல்லை. ஏழாம் மாதத்தில் விளவங்கோடு வட்டத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள். இங்குள்ள ஆஷா ஊழியர், ‘அவள் ஊருக்குப் போய்விட்டாள், இரண்டாம் சோதனையை அங்கே செய்வார்கள்’ என்று எண்ணுகிறார். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரோ, ‘அவள் அங்கே பதிவு செய்தவள், சோதனைகள் முடிந்திருக்கும்’ என்று கருதுகிறார். இருவரும் கடமை தவறியவர் அல்லர். ஆயினும் இரண்டாம் சோதனை நடைபெறாமலே போய்விடுகிறது. எட்டாம் மாதத்தில் வயிறு பெருத்திருப்பதைக் கண்டு, ‘பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது’ என்று வீட்டார் மகிழவும் கூடும்.

பிரசவத்துக்குப் பின்னரும் இவ்வாறே நேரலாம். கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்ணுக்கு ஆறு வாரம் கழித்து, வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அக்காலத்தில் அவள் தாய்வீட்டில் இருப்பாள், அல்லது குழந்தையுடன் கணவன் வீட்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருப்பாள். எந்த மாநிலத்துப் பதிவேட்டிலும் அச்சோதனை இடம்பெறாமல் போகும் வாய்ப்பு இதனால் மிகுகிறது.

இதற்குரிய பரிகாரம் எளிது. தாய்வீட்டுக்குப் புறப்படும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, 24 வாரம் நிறைந்திருந்தால் புறப்படும் முன்னரே இரண்டாம் சோதனையைச் செய்துவிடலாம். நிறையாவிட்டால், சோதனைக்குரிய தேதியைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி, அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுமாறு கூறலாம். அட்டையிலுள்ள மொழி மலையாளமாயினும் தமிழாயினும் தேதியும் அளவும் எண்களில் எழுதப்படுபவை. இருபுறத்தாரும் அவற்றைப் படிக்க இயலும். வந்து சேர்ந்த பெண்ணிடம் மறுபுறத்து ஊழியர் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, ‘சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரத்தம் கொடுத்தது எத்தனை முறை, எந்த மாதத்தில்?’ என்பதாகும்.

உணவும் உழைப்பும்

நோய் உண்டு எனத் தெரிந்தவுடன் கர்ப்பிணியும் வீட்டாரும் அஞ்சுவது இயல்பு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதற் செய்தி, பெரும்பாலோருக்கு உணவுமுறையாலும் நடையாலுமே சர்க்கரை கட்டுப்படும் என்பது. இரண்டு வாரம் இம்முறையைக் கையாண்டபின், உணவுண்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் அதனையே தொடரலாம். அந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைவதில்லை. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற அச்சம் ஆதாரமற்றது.

இப்பகுதியின் உணவில் மரச்சீனிக்கு முக்கிய இடம் உண்டு. அரிசி கிடைக்காத காலங்களில் ஏழை மக்களைக் காத்தது இக்கிழங்கே. ஆனால் 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து இருக்க, புரதம் 1 கிராமுக்குச் சற்றே அதிகமாக உள்ளது. மரச்சீனியை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. சோற்றுடன் கூட்டாக அதனையும் உண்ணாமல், சோற்றுக்குப் பதிலாகச் சிறிதளவு எடுத்துக்கொண்டு, மீனும் கீரையும் காயும் மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மத்தி எனவும் சாளை எனவும் வழங்கும் மீன் முதலிய மலிவான மீன்கள் நல்ல புரதம் தருபவை. மீன் உண்ணாதோர் சிறுபயறு, கடலை, மோர் முதலியவற்றைக் கொள்ளலாம். பலாப்பழம், நேந்திரம்பழம் ஆகியவற்றை உணவுக்குப் பின் வயிறார உண்பது சர்க்கரையைக் கூட்டும்.

கருப்பட்டி குளிர்ச்சி தருவது, அதனால் சர்க்கரை கூடாது என்ற நம்பிக்கை இருபுறத்திலும் பரவியிருக்கிறது. இது சரியன்று. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே. வெல்லத்தைப் போலவே அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். பிரசவத்துக்குப் பின் தரப்படும் லேகியங்களிலும் வெல்லமோ கருப்பட்டியோ மிகுதியாகச் சேர்வதுண்டு. நோய் இருந்த பெண்ணுக்கு அவற்றைத் தரும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

உணவை வெகுவாகக் குறைப்பதும் தவறு. பட்டினி கிடந்தால் உடலிலுள்ள கொழுப்பு எரிந்து, சிசுவுக்கு ஆகாத பொருள்கள் இரத்தத்தில் சேரும். ஒரு நாளைய உணவை மூன்று வேளை உணவாகவும், இரண்டு மூன்று சிற்றுணவாகவும் பகிர்ந்து உண்பதே முறை. மருத்துவர் தடை சொல்லாதவிடத்து நாள்தோறும் அரை மணி நேர நடை போதுமானது. உணவுக்குப் பின் நடப்பது கூடுதல் பயன் தரும். ‘இரண்டு உயிருக்காக உண்ண வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும்’ என்னும் மூத்தோர் அறிவுரை அன்பினால் எழுவது. அதனை இகழாமல், உணவின் அளவைவிட அதன் தரமே பிள்ளைக்கு வேண்டும் என்று எடுத்துச் சொன்னால் அவர்களே உற்ற துணையாவர்.

பிரசவத்துக்குப் பின்

பிரசவத்துடன் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டால், நோய் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, அது இல்லாதவரைவிடக் குறைந்தது ஏழு மடங்கு என்று 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. ஆறாம் வாரச் சோதனையில் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் குறைவாக இருந்தால் நலம். 140 முதல் 199 வரை எச்சரிக்கை நிலை. 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. முடிவு நலமாக இருந்தாலும், பின்னரும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வது விரும்பத்தக்கது. குழந்தைக்குத் தாய்ப்பால் நெடுநாள் கொடுப்பது தாயின் பிற்கால நீரிழிவு வாய்ப்பையும் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அடுத்த முறை கருவுறும் முன்னரே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இக்குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுள் பெண்ணாய்ப் பிறந்தவள் வளர்ந்து கருவுறும்போது, அவளுக்கும் அதே நோய் வரக்கூடும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சங்கிலியை அறுக்கத்தக்க இடம் கர்ப்ப காலமே.

ஆசிரியர்களின் பங்கு

இதில் ஆசிரியர்கள் ஆற்றக்கூடிய பணி சிறிதன்று. எல்லைக் கிராமப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் இருமொழியும் அறிந்தவர்கள். வீட்டுக்கு வரும் அட்டையையும் அறிவிப்பையும் தாய்க்கும் அக்காளுக்கும் படித்துச் சொல்பவர்கள் அவர்களே. உடல்நலப் பாடத்தில் இன்சுலினைப் பற்றிக் கற்பிக்கும்போது, கர்ப்பிணிக்கு இருமுறை சர்க்கரைச் சோதனை வேண்டும் என்ற ஒரு செய்தியைச் சேர்த்துச் சொன்னால் அது அன்று மாலையே வீடு சென்று சேரும். கணக்குப் பாடத்தில் கடைசி மாதவிலக்கின் தேதியிலிருந்து 24-ஆம் வாரம் எந்தத் தேதியில் வரும் என்பதைக் கணக்கிடும் பயிற்சியை மேல்வகுப்பு மாணவர்களுக்கு அளிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரத்தை ஒழுங்காக ஒதுக்குவதும் இந்நோய்த் தடுப்பின் ஒரு பகுதியே.

பாறசாலை வட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து களியக்காவிளை எல்லை நெடுந்தூரத்தில் இல்லை. அச்சிறு தூரத்தில் ஒரு பெண்ணின் சோதனை தவறிப்போகுமானால், அதன் விளைவு அவளுடைய வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு கர்ப்பிணியின் அட்டையிலும் இரண்டாம் சோதனையின் தேதியும், ஆறாம் வாரச் சோதனையின் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இருபுறத்து ஊழியர்களும் பார்த்து வருவார்களாயின், அத்தவறு பெரும்பாலும் நேராமல் தடுக்கலாம்.